பாணன் உடுத்த கலிங்கம்: பாடகர் பிரெடி மெர்க்குரியின் புறக்கோலம் குறித்த ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

காஞ்சி மாநகரைப் பாடும் சங்கச் செய்யுட்களுள் தலைமை சான்றது பெரும்பாணாற்றுப்படை. அதனை யாத்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் கொடைத்திறம் கூறுமிடத்து ஒரு காட்சியை அமைக்கின்றார். வறுமையால் நைந்த பாணனின் கந்தையைக் களைந்து, நுண்ணூலால் நெய்த மெல்லிய கலிங்கத்தை அவனுக்கும் அவன் பெருஞ்சுற்றத்துக்கும் வேந்தன் உடுத்துகின்றான். பிற்காலத்தே பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரின் பழம்பாட்டிலேயே, பாடுவோன் ஒருவன், அவனுக்கு ஆடை தருவோன் மற்றொருவன் என்னும் செய்தி அமைந்திருத்தல் கருதத்தக்கது. பாட்டு பாணனுடையது, ஆயினும் அவன் அவையில் எக்கோலத்தோடு தோன்றுதல் வேண்டும் என்பதைப் புரவலன் கை முடிவு செய்கின்றது.

இந்நாளில் புரவலன் ஒருவன் அல்லன். இசைத்தட்டு நிறுவனம், செய்தித்தாள், தொலைக்காட்சி, பல்லாயிரவராய்த் திரளும் சுவைஞர் கூட்டம் ஆகிய அனைவரும் பாடகனுக்கு ஆடை தருவோரே. தன் கலிங்கத்தைத் தானே நெய்துகொள்ள விரும்பும் பாடகன் இவர்கள் அனைவரோடும் போராட வேண்டியவனாகின்றான். அவன் நெஞ்சம் பற்றிய காதல், நாட்டின் சட்டமும் ஊரின் வாயும் ஒப்பாத காதலாக இருப்பின், அப்போராட்டம் இருமடங்கு கடிதாகின்றது. அத்தகைய ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் புறக்கோலத்தை அமைத்துக்கொண்ட முறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் 'குவீன்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி.

தமிழ் ஆய்விதழில் மேனாட்டு மெல்லிசைப் பாடகர்க்கு இடம் யாது என வினவலாம். விடை இரண்டு. அவர் இந்தியப் பார்சிக் குடியில் தோன்றியவர். பள்ளிக்கல்வியின் பெரும்பகுதியை மராட்டிய நாட்டு மலையூராகிய பஞ்சகனியில் பெற்றவர். இது முதல் விடை. பாடுவோன் வேறு, பாட்டினுள் பேசுவோன் வேறு எனப் பிரித்தறியவும், பெயரைச் சுட்டாது காதலைப் பாடவும் கற்பித்த பொருளிலக்கணம் நம்முடையது. மேனாட்டு வாழ்க்கை வரலாற்றாசிரியர் இடர்ப்படும் இடத்தில் அவ்விலக்கணம் நமக்குக் கைவிளக்காக நிற்கின்றது. இது இரண்டாவதும் வலியதுமாகிய விடை.

சொல் ஒன்றனையும் தெளிவுசெய்துகொள்ளுதல் நலம். மெர்க்குரி இளமையில் மேரி ஆஸ்டின் என்னும் பெண்மணியோடு பல்லாண்டு வாழ்ந்தார். இறுதிவரை அவரோடு நட்புப் பூண்டிருந்தார். பின்னர் ஆடவரையே காதலித்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் ஜிம் ஹட்டன் அவர்தம் துணைவராய் இருந்தார். இதனால் சிலர் அவரைத் தன்பாலீர்ப்பினர் என்பர். சிலர் இருபாலீர்ப்பினர் என்பர். வினவியோர்க்கு அவர் நகை தோன்ற விடையிறுத்ததுண்டு. தம்மை இன்னார் என முறையாக அறிவித்தாரல்லர். நாமும் அவருக்குப் பெயரிட முற்படாது, அவர் பெயரிடாது வைத்ததன் தன்மையை ஆராய்வோம்.

2. பெயரும் சின்னமும்

1946 செப்டம்பர் 5-ஆம் நாள் சான்சிபார்த் தீவில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் பரூக் புல்சாரா. குசராத்திலுள்ள புல்சார், அஃதாவது இன்றைய வல்சாடு, என்னும் ஊரைக் குறிப்பது அக்குடிப்பெயர். பஞ்சகனிப் பள்ளியில் அவர் பிரெடி ஆனார். அங்கேயே 'எக்டிக்சு' என்னும் மாணவர் இசைக்குழுவில் பியானோ வாசித்தார். 1964-இல் சான்சிபாரில் புரட்சி நிகழ, குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்றபின், 1970-ஐ ஒட்டிக் குடிப்பெயரை நீக்கி மெர்க்குரி எனச் சூடிக்கொண்டார். ஊரைச் சுட்டிய பெயர் போய், ஒரு கோளையும் தேவதூதனையும் ஒருங்கே சுட்டும் பெயர் வந்தது. சான்சிபாரையும் இந்தியாவையும் பற்றி அவர் வெளியில் பேசியது அரிது. எனவே அவர் காத்த மௌனம் காதலைப் பற்றியது மட்டும் அன்று, பிறப்பைப் பற்றியதுமாகும். இவ்விரண்டனையும் சேர்த்துக் காணாதார் அவர் கோலத்தைப் பாதியே கண்டோராவர்.

குழுவுக்குப் பெயரிட்டவரும் அவரே. 'குவீன்' என்பதன் நேர்பொருள் அரசி. ஆயின் ஆங்கிலத்தின் கொச்சை வழக்கில், பெண்மைச் சாயலுடைய தன்பாலீர்ப்பு ஆடவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லும் அதுவே. அப்பொருள் தமக்குத் தெரியாதது அன்று என்பதை அவர் மறைக்கவில்லை. ஏளனச் சொல்லையே முடியாகச் சூட்டிக்கொண்ட இப்பெயரை நம் அணிநூலார் கண்டிருப்பின் சிலேடை என்றே வகுத்திருப்பர். காளமேகத்தின் இரட்டுற மொழிதலில் ஒரு பொருளை அறிந்தவனுக்கும் பாட்டு நிறைவுற்றதே. இரண்டனையும் அறிந்தவனுக்கு இன்பம் மிகுதி. அவ்வாறே இப்பெயரிலும் முடிமன்னர் பெருமிதம் கண்டோர் ஒருசாரார்; நகையும் துணிவும் கண்டோர் மற்றொரு சாரார். எவரும் ஏமாற்றப்பட்டாரல்லர்.

கல்லூரியில் கற்ற வரைகலையைக் கொண்டு குழுவின் சின்னத்தையும் அவரே வரைந்தார். உறுப்பினர் நால்வரின் பிறப்பு ஓரைகள் அதன்கண் அமைந்துள்ளன. சிம்மத்திற் பிறந்த இருவர்க்கு இரு சிங்கங்கள். கடகத்திற் பிறந்தவர்க்கு ஒரு நண்டு. கன்னியிற் பிறந்த தமக்கு இரு வனதேவதைகள். அனைத்துக்கும் மேலே சாம்பலினின்றும் எழும் பீனிக்சுப் பறவை. வனதேவதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் முன்னைய கொச்சை வழக்கில் அதே ஏளனத்துக்கு ஆளான சொல்லாகும். இஃது அவர் கருதியதோ தானே நேர்ந்ததோ என முடிவுகட்டச் சான்று போதாது. அவர் புறக்கோலத்தின் முதல் நூலிழையே இருபொருட்பட முறுக்கப்பெற்றது என்ற அளவில் அமைவோம்.

3. கோலமும் வாழ்வும்

ஒருவன் பூண்ட கோலத்தை அவன் வாழ்வெனக் கொள்ளாத பயிற்சி காஞ்சியில் நெடுங்காலமாக உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் இறைவன் நாச்சியார் திருக்கோலம் கொண்டு வீதி எழுந்தருளுகின்றான். ஆடவனாகிய இறைவன் பெண்ணுடை பூண்டான் என்று வியப்பவர் உளர், ஐயுறுவார் இலர். அவ்வூரின் அட்டபுயகரத் திருப்பதியைப் பாடிய திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து எட்டாம் திருமொழியில் தலைவி நிலையில் நின்று, தன்முன் தோன்றியவன் யாவன் என வியந்து வினவுகின்றார். வந்தவன் தன் பெயரைச் சொல்லாது ஊரையே விடையாகச் சொல்கின்றான். பாட்டுத்தோறும் இவ்வினாவும் விடையும் மீண்டு வருகின்றன. இறுதிப் பாட்டில் ஆழ்வார் கலிகன்றி என்னும் தம் பெயரைப் பொறித்துத் தலைவி நிலையினின்றும் வெளிவந்துவிடுகின்றார். கோலத்தைப் பூணுவதும் களைவதும் பாடுவோன் கையிலேயே உள்ளன என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

காஞ்சிப் பகுதியின் கட்டைக்கூத்தும் இதற்குச் சான்று பகரும். பாரதக் கூத்தில் திரௌபதியாக ஆடவர் வேடம் புனைந்து விடியுமளவும் ஆடுவது வழிவழி வந்த வழக்கம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் நிறுவப்பெற்று இக்கலையைப் பேணி வருகின்றது. பெண்வேடம் புனையும் கூத்தர்க்கு ஊரில் ஏச்சே இல்லை எனல் உண்மைக்கு மாறாகும். ஆயினும் திரௌபதி கூந்தலை விரித்துச் சூளுரைக்கும் நள்ளிரவில், அவையோர் கூத்தனின் இல்வாழ்க்கையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இப்பின்னணியில் 1984-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். விடுதலை வேட்கையைப் பொருளாகக் கொண்ட 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ' என்னும் பாடலுக்குக் குவீன் குழுவினர் ஒரு படக்காட்சி அமைத்தனர். ஆங்கில நாட்டில் இல்லந்தோறும் கண்டுவந்த 'காரனேசன் தெரு' என்னும் தொலைக்காட்சித் தொடரை நையாண்டி செய்யும் முறையில், நால்வரும் பெண்ணுடை புனைந்து தோன்றினர். மெர்க்குரி தம் மீசையை மழிக்காமலே குட்டைப் பாவாடை உடுத்து, தூசுறிஞ்சும் பொறியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூலத்தை அறிந்த ஆங்கிலேயர் நகைத்தனர். அமெரிக்காவிலோ அக்காட்சி வெறுப்பையே விளைத்தது; அந்நாட்டு இசைத் தொலைக்காட்சி அதனைக் காட்ட விரும்பவில்லை. அங்குக் குழுவின் செல்வாக்குக் குன்றியதற்கு இதனையும் ஒரு காரணமாகப் பலர் கூறுவர்.

இங்கு உற்றுநோக்க வேண்டியன மூன்று. பாடலை இயற்றியவர் மெர்க்குரி அல்லர். குழுவின் மற்றோர் உறுப்பினரான ஜான் டீக்கன். பெண்வேடக் கருத்தும் மெர்க்குரியின் உள்ளத்தில் முளைத்தது அன்று. ரோசர் டெய்லர் வழி வந்ததாகவே குழுவினர் கூறியுள்ளனர். வேடம் புனைந்தோரும் நால்வர். எனினும் பழி ஒருவர் தலையிலேயே விழுந்தது. ஏனைய மூவர்க்கும் அது வேடம் எனக் கொண்ட அவையோர், அவர் ஒருவர்க்கு மட்டும் அதனை வாக்குமூலம் எனக் கொண்டனர். கோலத்தைக் கோலமாகக் காணும் உரிமை எல்லார்க்கும் ஒத்ததாக இல்லை என்பது இதனால் விளங்கும். ஆழ்வார் இறுதிப் பாட்டில் தம் பெயரைப் பொறித்து வெளிவந்தது போல் மெர்க்குரி வெளிவர இயலவில்லை. கதவை வெளியே நின்றோர் தாழிட்டுவிட்டனர்.

4. மீசையும் வேம்பும்

1970-களின் நடுவில் மெர்க்குரியின் மேடைக் கோலம் நெடுங்கூந்தல், கருஞ்சாயம் பூசிய நகம், சாண்டிரா ரோட்சு 1974-இல் அமைத்துத் தந்த இறக்கை போல் விரியும் வெண்ணிற மடிப்பாடை ஆகியவற்றால் இயன்றது. 1980-இல் இவை அனைத்தும் மறைந்தன. கத்தரித்த முடி, அடர்ந்த மீசை, கையற்ற உள்ளாடை, இறுகிய காற்சட்டை என வேறொரு கோலம் தோன்றியது. பழைய சுவைஞர் சிலர் மழிதகடுகளை மேடைமேல் எறிந்து தம் வெறுப்பைக் காட்டினர்.

இப்புதுக் கோலமும் இருபொருட்பட்டது. பெருந்திரளினர்க்கு அது வலிமை மிக்க ஆண்மையின் தோற்றம். நியூயார்க்கு, சான்பிரான்சிசுகோ, மியூனிக்கு முதலிய நகரங்களில் தன்பாலீர்ப்பு ஆடவர் கூடும் இடங்களை அறிந்தோர்க்கோ அவ்வாண்டுகளில் அவர்களிடையே பரவியிருந்த தோற்றம் அதுவே. மீசை மறைக்கவும் செய்தது. அறிந்தோர்க்கு அறிவிக்கவும் செய்தது.

இவ்விடத்தில் நெடுநல்வாடை பற்றிய பழைய வழக்கொன்று நினைவுக்கு வருகின்றது. தலைவியின் பிரிவுத்துயரும் பாசறையில் உறங்காத தலைவனின் நிலையும் கூறும் அப்பாட்டில் ஒருவர் பெயரும் இல்லை. படிப்போர் அதனை அகம் என்றே கருதுவர். ஆயின் வேலில் கட்டிய வேம்பு ஒன்று இடையே குறிக்கப்படுகின்றது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அதனால் தலைவன் இன்னான் எனச் சுட்டப்பட்டுவிட்டான் என்றும், ஆகவே பாட்டு அகமாகாது புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். நூற்றெண்பத்தெட்டு அடிகளைக் கொண்ட ஒரு பாட்டை, ஒரு வேப்பிலை ஒரு திணையினின்றும் மற்றொரு திணைக்கு மாற்றிவிட்டது. பிற்கால அறிஞர் பலர் இம்முடிவை ஏற்கவில்லை. அடையாளம் ஒன்று இருத்தலால் உணர்ச்சியின் பொதுமை அழிந்துவிடாது என்பது அவர்தம் கொள்கை.

மெர்க்குரியின் பாடல்களுக்கும் இதுவே நிகழ்ந்தது. மீசையை அடையாளப் பூவாகக் கண்ட செய்தியாளர், அவர் பாடல் அனைத்தையும் வாழ்க்கைக் குறிப்புகளாக மாற்றிப் படிக்கத் தலைப்பட்டனர். 1975-இல் வெளிவந்து இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற 'பொகீமியன் ராப்சொடி' இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஓர் இளைஞன் தாயிடம் தான் செய்த கொலையை ஒப்புக்கொள்கின்றான்; பின்னர் ஒரு கூட்டம் அவனை விடுவிக்க வேண்டும் என்றும் விடுவிக்கலாகாது என்றும் இருபிரிவாக நின்று முழங்குகின்றது; இறுதியில் எதுவும் பொருட்டன்று என்னும் சோர்வில் பாட்டு அடங்குகின்றது. பழைய தன்னைக் கொன்று புதிய தன்னை ஒப்புக்கொள்ளும் மறைமொழியே இது என்று பலர் விளக்கினர். மெர்க்குரி இதற்கு உரை கூற மறுத்துவிட்டார். கேட்போர் தாமே பொருள் கொள்ளட்டும் என விடுத்தார்.

நம் மதிப்பீடு யாது? அவ்விளக்கம் பாட்டின் அமைப்போடு பொருந்தும்; தாய்முன் ஒப்புதலும் ஊரார்முன் வழக்கும் அதற்கு இடந்தருகின்றன. ஆயினும் பொருந்தும் பொருள் ஒன்று இருப்பதனாலேயே அதுவே பொருள் ஆகிவிடாது. அறியாப் பிழையால் வாழ்வை இழந்த எந்த இளைஞனும் அதனுள் தன் குரலைக் கேட்கலாம். ஒரு வேம்பால் திணையை மாற்றியது மிகை என்போர், ஒரு மீசையால் பாட்டை மாற்றுவதையும் மிகை என்றே கொள்ளுதல் முறை.

5. பெயர் சுட்டாமை: மரபும் அச்சமும்

அன்பின் ஐந்திணையில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. காதல் ஒருவர்க்கே உரிய செய்தியாகச் சுருங்காது, கேட்கும் யாவர்க்கும் உரியதாக விரிதல் இதன் பயன். மெர்க்குரியின் காதற் பாடல்களில் இந்நெறிக்கு ஒப்பான ஒன்றைக் காண்கின்றோம். 1975-இல் வந்த 'லவ் ஆஃப் மை லைஃப்', 1976-இல் வந்த 'சம்படி டு லவ்' ஆகிய இரண்டினும் காதலிக்கப்படுவோர் ஆணோ பெண்ணோ எனக் காட்டும் சொல் ஒன்றும் இல்லை. முன்னது முன்னிலையிலேயே பேசுகின்றது. பின்னது யாரேனும் ஒருவர் வேண்டும் என்னும் வேட்கையாக அமைகின்றது. ஆங்கிலத்தில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டா; படர்க்கை ஒருமையே காட்டும். தமிழில் படர்க்கை வினைமுற்றும் பால் காட்டும். 'வந்தான்' 'வந்தாள்' என்றவுடன் மறை வெளிப்பட்டுவிடும். ஆயின் நமக்கு 'அவர்' என்னும் உயர்வுச் சொல் உண்டு. அகத்தலைவி தன் காதலனை 'அவர்' எனச் சுட்டும்போது, மதிப்பும் மறைப்பும் ஒரு சொல்லிலேயே கூடுகின்றன. இம்மொழிநலம் வாய்க்காத ஆங்கிலத்தில், படர்க்கையைத் தவிர்த்தே அவர் அப்பயனைப் பெற்றார். தென்னமெரிக்க அரங்குகளில் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாடலைப் பல்லாயிரவர் ஒரே குரலாக அவருக்குத் திருப்பிப் பாடினர். அவரவர் நெஞ்சிலுள்ளாரை அவரவர் அப்பாட்டினுள் வைத்துப் பாட அது இடங்கொடுத்தது.

இவ்வளவில் நின்றுவிட்டால் நம் ஆய்வு அழகியதாக முடியும், உண்மையாக முடியாது. அகமரபின் பெயர் சுட்டாமை யாவர்க்கும் பொதுவான விதி. பாண்டியன் காதலும் பரதவன் காதலும் அதன்முன் ஒன்றே. மெர்க்குரியின் மௌனமோ அத்தகைய பொதுவிதி அன்று. மனைவியை மணந்த பாடகர் தம் மனைவி பெயரைச் செய்தியாளர்க்குச் சொல்வதில் தடையில்லை, அவருக்கு இருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தொரு வயது நிறைந்த ஆடவர் இருவர் தனிமையில் கூடுதலைக் குற்றம் அன்று என்றது. தனிமை என்னும் வரம்பைக் கடந்தால் பழைய தண்டமே நின்றது. 1988-இல் வந்த மற்றொரு சட்டப்பிரிவு, தன்பாலீர்ப்பினை ஆதரித்து ஊக்குதலை உள்ளாட்சி மன்றங்களுக்கு விலக்கியது. அது முற்றும் நீங்கியது 2003-இல்தான். நம் சொற்களில் கூறின், அகத்தில் பொறுத்துக்கொள்வோம், புறத்தில் பொறுக்கமாட்டோம் என்பதே அச்சட்டங்களின் உட்கிடை. பெயர் சுட்டாமை எல்லார்க்கும் விதியாயின் அது மரபு. ஒருசாரார்க்கு மட்டும் விதியாயின் அது தளை. வடிவில் ஒத்த இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் திறனாய்வு வழுவுடையது.

நோய் வந்தபின் தளை இறுகியது. 1987-இல் தமக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளதை மெர்க்குரி அறிந்தார். அக்காலத்தே அந்நோய் பெற்றிருந்த இழிபெயர் மேனாட்டுக்கு மட்டும் உரியது அன்று. இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையிலேயே. மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் வழிகாட்டலில் ஆய்ந்த நிர்மலாவும் அதனை வெளிப்படுத்தினர். நோயுற்றோர் வீட்டாராலும் மருத்துவராலும் விலக்கப்பட்ட செய்திகளை நம் நாடும் நன்கு அறியும். மெர்க்குரியின் உடல் மெலியத் தொடங்கியதும் செய்தித்தாளினர் அவர் இல்லத்தைச் சூழ்ந்து காத்துக்கிடந்தனர். 1990 பிப்ரவரியில் பரிசளிப்பு விழா ஒன்றில் குழுவினரோடு மேடையேறியதே அவர் பலர்முன் மேடையில் தோன்றிய இறுதி நிகழ்ச்சி. 1991-இல் படமாக்கிய கடைசிப் பாடற்காட்சி கறுப்பு வெள்ளையில் அமைந்தது. நிறம் நீங்கியதால் நோயின் சுவடும் ஓரளவு மங்கியது. ஒப்பனை, ஒளி, படநிறம் ஆகிய அனைத்தையும் இறுதிவரை தம் கையில் வைத்துக்கொள்ள முயன்ற ஒரு கலைஞரை அக்காட்சியில் காண்கின்றோம்.

1991 நவம்பர் 23-ஆம் நாள் அவர் பெயரால் ஓர் அறிக்கை வெளிவந்தது. தமக்கு எயிட்சு நோய் உள்ளதை அது உறுதி செய்தது. தம்மைச் சூழ்ந்தோரின் நலங்கருதியே மறைத்து வைத்ததாகக் கூறியது. அந்நோயை எதிர்த்து யாவரும் தம்மோடு சேர வேண்டும் என வேண்டியது. மறுநாள் மாலை, நாற்பத்தைந்தாம் வயதில், அவர் இலண்டனில் உயிர் நீத்தார். பார்சிக் குருமார் முன்னின்று இறுதிச் சடங்கை ஆற்றினர். வாழ்நாளில் வெளியே பேசாத பிறப்பு, இறப்பில் தன் உரிமையைப் பெற்றுக்கொண்டது.

அவ்வறிக்கையை உற்றுப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். அது நோயைப் பெயர் சுட்டியது, காதலைச் சுட்டவில்லை. முன்னரே பேசியிருந்தால் நோயுற்ற ஆயிரவர்க்குத் துணையாகியிருக்குமே என்று வருந்தியோர் உளர். சாகும் மனிதனின் தனிமையை மதித்தல் வேண்டும் என்றோரும் உளர். முன்னையோர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் பேசுதலின் விலையை முழுதும் கொடுக்க வேண்டியவர் அவர் ஒருவரே. அவ்விலையை வகுத்தவர் பிறர். ஆதலின் குறையை முதற்கண் விலை வகுத்தோர்மேல் ஏற்றுதலே நடுவுநிலை.

6. ஓர் ஒப்புமை

1992 ஏப்ரல் 20-ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் மெர்க்குரி நினைவாக நிகழ்ந்த இசைவிழாவில் 'சம்படி டு லவ்' பாடலைப் பாடிப் பெரும்புகழ் பெற்றவர் ஜார்ஜ் மைக்கேல். அவர் தன்பாலீர்ப்பினர் என்பதை அன்று உலகம் அறியாது. அவர்தம் காதலர் அதே நோயால் துன்புற்றிருந்ததையும் அறியாது. அந்நாளில் தம் நெஞ்சில் இருந்த துயரைப் பிற்காலத்தே அவரே வெளியிட்டார். பெயர் சுட்டாத பாட்டு இரண்டாம் முறையும் தன் பயனைச் செய்தது: வாய் திறந்து சொல்ல இயலாத ஒருவர், எழுபதாயிரவர் முன்னிலையில், சொல்லாமலே சொல்லிவிட்டார்.

எனினும் இவ்விருவரும் கொண்ட வழிகள் வேறு. மெர்க்குரி கோலத்தை மிகுத்தார்; மைக்கேல் கோலத்தைத் துறக்க முயன்றார். 1990-இல் 'ஃப்ரீடம் 90' பாடலின் படக்காட்சியில் அவர் தம் முகத்தையே காட்டவில்லை. புகழ்பெற்ற உடையழகியர் அவர் குரலுக்கு வாயசைத்தனர். முன்னைய கோலத்தின் அடையாளமான தோற்சட்டை தீயில் எரிந்தது. தம்மை விற்கும் முறை குறித்து இசைத்தட்டு நிறுவனத்தின்மேல் வழக்காடி 1994-இல் தோற்றார். 1998 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு காவலரால் கைதுசெய்யப்பட்டபோது, அவர் மறை அவர் கையை விட்டு நீங்கியது. அதன்பின் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்தார். அவ்வாண்டிலேயே காவலர் உடையைத் தாமே புனைந்து அந்நிகழ்ச்சியை நகையாடும் படக்காட்சி ஒன்றை வெளியிட்டார். பிறர் கிழித்த கலிங்கத்தை எடுத்து மறுபுறமாக உடுத்துக்கொண்ட செயல் இது. துணிவில் இது மெர்க்குரியின் செயலினும் மேலோங்கியது எனலாம். ஆயின் இருவர் வழிகளும் ஓர் உண்மையையே காட்டுகின்றன. மிகுத்தாலும் துறந்தாலும் பாடகன் தன் கோலத்தை முற்றும் ஆளவில்லை. ஆளுதற்குரிய வெளி அவனுக்கு விடப்படவில்லை.

7. இறந்தபின் நெய்த ஆடை

கலைஞன் மறைந்தபின் புரவலன் கை மீண்டும் ஓங்குகின்றது. 2018-இல் வெளிவந்து நான்கு ஆசுகர் பரிசுகளைப் பெற்ற 'பொகீமியன் ராப்சொடி' என்னும் திரைப்படம் மெர்க்குரியைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. அதில் அவர் தம் நோயை 1985 சூலை 13-இல் நிகழ்ந்த 'லைவ் எயிடு' இசைவிழாவுக்கு முன்னரே அறிந்ததாகக் காட்டப்படுகின்றது. வரலாற்றில் அவர் அறிந்தது 1987-இல். காலத்தை முன்னே தள்ளியதால் அவ்விழாவில் அவர் பாடிய இருபது நிமிடமும், சாவை அறிந்தவனின் இறுதி முழக்கமாக நிறம் மாறிவிடுகின்றது. காதலையும் இன்பத்தையும் அடுத்துத் தண்டனை வந்தே தீரும் என்னும் பழைய கதைவாய்ப்பாடு இதனால் அவர்மேல் ஏற்றப்படுகின்றது. உடல்நலத்தோடும் களிப்போடும் ஒருவர் ஆடிப்பாடி ஓர் அரங்கையே ஆண்ட வெற்றியைத் துயரக் கதையாக்குதல் அவர் நெய்த ஆடைக்குச் செய்யும் கேடாகும். சீனத்தில் இப்படம் திரையிடப்பெற்றபோது தன்பாலீர்ப்புத் தொடர்பான காட்சிகள் வெட்டப்பட்டன. ஓரிடத்தில் மிகைப்படுத்தியும் மற்றோரிடத்தில் குறைத்தும் பிறர் அவரை உடுத்துகின்றனர்.

நம் நாட்டில் இப்படம் வெளிவந்த அதே 2018-இல், செப்டம்பர் 6-ஆம் நாள், வயதுவந்தோர் தம்முள் உடன்பட்ட தன்பாற் காதலைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பகுதியை உச்சநீதிமன்றம் நீக்கியது. 1860-இல் ஆங்கிலேயர் வகுத்த தண்டச் சட்டத்தின் பிரிவு அது. 2022-இல், சென்னை உயர்நீதிமன்ற ஆணையின் தொடர்ச்சியாக, பாலீர்ப்பும் பாலின அடையாளமும் வேறுபட்டோரை இகழ்ச்சியின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாட்டரசு வெளியிட்டது. பெயர் சுட்டாமையை ஆராயும் நமக்கு இச்செய்தி இன்றியமையாதது. மதிப்போடு சொல்லும் சொல் ஒரு மொழியில் இருக்கும்போதே, சொல்லாமல் விடுதல் ஒருவரின் உரிமையாகின்றது. ஏச்சுச் சொல்லன்றி வேறு சொல் இல்லாதபோது மௌனம் உரிமை அன்று, ஒதுங்கிடமே.

8. முடிவுரை

காஞ்சியின் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தன. நெய்வோன் ஒருபுறமும் துணைவன் மறுபுறமும் இருந்து நாடாக்களை எறிய, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றனையொன்று பற்றிப் பிணைகின்றன. இரு நிறமும் கலந்து மங்குவதில்லை. பிரிந்து போவதும் இல்லை. பாட்டும் வாழ்வும் இவ்வாறு பிணைவன என்பதே நம் கருத்து. பாட்டை வாழ்வின் சாயத்தில் முழுதும் தோய்த்தெடுப்போரும் பிழைபட்டோர். பாட்டுக்கும் வாழ்வுக்கும் தொடர்பே இல்லை எனக் கரையை வெட்டி எறிவோரும் பிழைபட்டோர்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. மெர்க்குரி பெயரிலும் சின்னத்திலும் மீசையிலும் கையாண்டது பொய் அன்று, இரட்டுற மொழிதல் என்னும் கலைநெறி. அதனை அவ்வாறே மதிப்பிடுதல் வேண்டும். அவர் காதற் பாடல்களின் பெயர் சுட்டாமை அகமரபின் பயனைத் தந்தது; ஆயினும் அதன் பிறப்பில் அச்சமும் கலந்திருந்தது; பயனைப் போற்றும் நாம் அச்சத்தை மறத்தல் ஆகாது. அவர் சொல்லாததை அவருக்காகச் சொல்லிவிடும் ஆர்வம் திறனாய்வாளர்க்கு வேண்டுவது அன்று. அவர் ஏன் சொல்ல இயலவில்லை என்பதை ஆராய்தலே வேண்டுவது.

தமிழ்த் திரையிசையிலும் மேடையிசையிலும் தம் காதலைப் படர்க்கையில் சொல்ல அஞ்சும் பாடகர் இருத்தல் கூடும். அவர் யாவர் எனத் தேடுதல் ஆய்வு ஆகாது. அவர்தம் பாட்டை வேம்பு தேடாது படிக்கவும், அவரே விரும்பி ஒருநாள் தம் பெயரைப் பொறிப்பின் அதனை இயல்பாக ஏற்கவும் நம் திறனாய்வு பழகிக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு வேண்டிய இலக்கணம் நம்மிடம் முன்னரே உள்ளது.